அச்சம் விற்கும் பூங்காவும் அன்னையின் மடியும்



சபர் சென்று திரும்பியவரின் பெட்டியைத் திறந்ததும் நம் வீடுகளில் முதலில் எழுகின்ற மணம் எது என்று எண்ணிப் பாருங்கள். அத்தரையும் வாசனைச் சோப்பையும் முந்திக்கொண்டு வருவது தைலத்தின் நெடிதான்! கோடாலித் தைலம் ஒருபுறம் இருக்க, அறுகோணக் கண்ணாடிக் குப்பியில், பாயும் புலியின் படத்தோடு வருகின்ற புலித் தைலத்துக்கு நம் இல்லங்களில் தனி மரியாதை உண்டு. பரங்கிப்பேட்டை, நாகூர், காரைக்கால் போன்ற கடற்கரை ஊர்களில் மட்டுமல்ல. கைலி நெசவுக்குப் பெயர் பெற்ற எங்கள் குறிஞ்சிப்பாடி போன்ற உள்நாட்டு ஊர்களிலும், தலைவலி என்றால் மூத்தவர்கள் தேடுவது அந்தக் குப்பியைத்தான்.

அந்தக் குப்பிகளை விற்றுச் சேர்த்த செல்வத்தைக் கொண்டு ஒருவர் மலைச்சரிவொன்றில் தோட்டம் அமைத்தார். அத்தோட்டத்துக்குள் நரகம் ஒன்றையும் அமைத்தார் என்று சொன்னால் வியப்பாக இருக்கிறதல்லவா? சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் சாலையில் உள்ள 'ஹாவ் பார் வில்லா'தான் அது. சிறு வயதில் நான் கண்ட அவ்விடத்தை, 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஹாலோவீன் என்னும் பேய் வேடத் திருவிழாவின் ஆரவாரம் அந்நகரெங்கும் நிறைந்திருந்த வேளையில், மீண்டும் காணும் வாய்ப்பை இறைவன் எனக்கு அளித்தான். அங்கே கண்டவற்றையும், கண்டதனால் உள்ளத்தில் எழுந்த கேள்வி ஒன்றையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு அச்சத்தை எதற்காக, எவ்வளவு, எவ்வாறு ஊட்டுவது என்பதே அந்தக் கேள்வி.

தைலம் தந்த தோட்டம்

பர்மாவின் ரங்கூன் நகரம் நம் முன்னோர்க்குப் புதிய ஊரன்று. நம்மவர்கள் அங்கே கடை விரித்து வணிகம் செய்த காலத்தில்தான், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆவ் சூ கின் என்ற சீன மருத்துவர் அங்கு மருந்துக்கடை ஒன்றை நடத்தி வந்தார். அவருடைய மைந்தர்களுள் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் பூன் ஹாவ். மற்றவர் பூன் பார். சீன மொழியில் 'ஹாவ்' என்றால் புலி. 'பார்' என்றால் சிறுத்தை. தந்தையின் மருந்தை உலகறியச் செய்தவர்கள் இவ்விரு சகோதரர்களே. தைலத்தின் மீது புலிப் படம் வந்தமைக்கும் மூத்தவரின் பெயரே காரணம் ஆகும்.

1926ஆம் ஆண்டில் தம் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்ட பூன் ஹாவ், விளம்பரக் கலையில் வல்லவர். புலித்தலை பொருத்திய மோட்டார் வண்டியில் ஊரை வலம் வந்தார். 1929இல் சீன நாளேடு ஒன்றையும் தொடங்கினார். கடலைப் பார்த்து நிற்கும் குன்றின்மேல் 1937இல் தம் தம்பிக்காக அழகிய மாளிகை ஒன்றைக் கட்டி, அதைச் சுற்றிலும் சிலைகள் நிறைந்த தோட்டத்தை அமைத்தார். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. தம்பி பூன் பார் 1944இல் ரங்கூனில் காலமானார். போருக்குப் பின் சிதைந்து கிடந்த மாளிகையை இடித்துவிட்ட அண்ணன், தோட்டத்தை மட்டும் கைவிடவில்லை. 1954இல் தாம் மறையும்வரை புதிய புதிய சிலைகளை அங்கே நிறுவிக்கொண்டே இருந்தார்.

இன்று அங்கே 1,000க்கும் மேற்பட்ட சிலைகள் உள்ளன என்கின்றனர். சீனப் புராணக் கதைகளும், பெற்றோரைப் பேணிய நன்மக்களின் வரலாறுகளும், அறநெறிகளும் வண்ணம் பூசிய சிமெண்டுச் சிலைகளாக அங்கே நிற்கின்றன. எழுத்தறியாத எளிய மக்களும் கண்ணால் பார்த்து நெறியைக் கற்க வேண்டும் என்பதே அதை அமைத்தவரின் நோக்கமாகும். நம் மார்க்கம் சிலைகளை ஏற்பதில்லை. எனினும், பிறர் போற்றுவனவற்றை ஏசலாகாது என்று திருமறை நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. ஆகவே, அண்டை வீட்டாரின் நூலகத்தில் நுழைபவரைப் போல, மரியாதையோடு நுழைந்து பார்த்துத் திரும்புவதே நமக்கு அழகு.

ஐந்து வயதுத் தம்பி

என் அத்தா தஞ்சோங் பகார் பகுதியில் சிறிய துணிக்கடை வைத்திருந்தார். குறிஞ்சிப்பாடித் தறிகளில் நெய்த கைலிகளும் அக்கடையில் தொங்கும். 1967ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், எங்கள் குடும்பத்தார் அனைவரும் 'டைகர் பாம் கார்டன்' என்று அந்நாளில் வழங்கிய அத்தோட்டத்துக்குச் சென்றோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என அனைவரும் பிள்ளைகளைத் தோளில் சுமந்தபடி அங்கே உலவினர். எனக்கு அப்போது எட்டு வயது, தம்பிக்கு ஐந்து.

தோட்டத்தின் ஒரு பகுதியில்தான் அந்த நரகக் காட்சிகள் இருந்தன. மாட்டுத் தலை கொண்ட காவலனும் குதிரை முகக் காவலனும் வாயிலில் நிற்க, உள்ளே குற்றவாளிகள் வதைபடுகிறார்கள். எங்களுடன் வந்திருந்த கடைப் பையன் விளையாட்டாகத் தம்பியின் காதில், "பொய் சொன்னால் உன்னையும் இப்படித்தான் அறுப்பார்கள்" என்று சொல்லிவிட்டான். சொன்னவன் அதை அப்போதே மறந்திருப்பான். கேட்ட குழந்தையோ மறக்கவில்லை!

அன்றிரவு தம்பி உறங்கவில்லை. விளக்கை அணைத்தால் வீறிட்டான். உடல் அனலாய்க் கொதித்தது. மூன்றாம் நாள் இரவில் அம்மா அவனை மடியில் கிடத்தி, ஆயத்துல் குர்ஸியை ஓதி ஊதிவிட்டு, மெல்லக் கேட்டார்: "நீ எவ்வளவு சேட்டை செய்தாலும் உன்னைத் தூக்கி நான் அடுப்பில் போடுவேனா?"

"போட மாட்டீர்கள்" என்றான் தம்பி.

"என்னைவிட அல்லாஹ் உன்மீது இரக்கம் மிகுந்தவன். உறங்கு."

அவ்வளவுதான். தம்பி உறங்கிவிட்டான். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, தம் பாட்டியாரிடம் செவிவழியாகப் பெற்ற பாடம் அது. பிரிந்த குழந்தையைக் கண்டதும் அள்ளி அணைத்துப் பாலூட்டிய ஒரு கைதித் தாயைத் தோழர்களுக்குக் காட்டி, இவள் தன் மகவை நெருப்பில் எறிவாளா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவியதும், அவளினும் இறைவன் தன் அடியார்மீது கருணை மிக்கவன் என்று விளக்கியதும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெற்ற நபிமொழி என்பதை நான் வளர்ந்த பிறகே அறிந்தேன்.

1969இல் அத்தா கடையை ஒப்படைத்துவிட்டு, எங்களை 'ராஜுலா' கப்பலில் ஏற்றினார். நாகப்பட்டினத்தில் கரையிறங்கிக் குறிஞ்சிப்பாடி வந்து சேர்ந்தோம்.

பேய்களுக்கு ஒரு பருவம்

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31ஆம் நாள் இரவு. மறுநாள் கிறிஸ்தவர்களின் புனிதர் அனைவரின் திருநாள் ஆதலால், அதற்கு முந்தைய மாலை என்ற பொருளில் இப்பெயர் வந்தது. அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் அவ்வேளையில், இறந்தோரின் ஆவிகள் உலவும் என்று அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளின் பழங்குடியினர் நம்பினர். கிழங்குகளைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கேற்றி வைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறிய அயர்லாந்து மக்கள் இவ்வழக்கத்தைத் தம்முடன் கொண்டு சென்றனர். அங்கே கிழங்கின் இடத்தைப் பரங்கிக்காய் பிடித்துக்கொண்டது.

நம்பிக்கையாக இருந்தது விளையாட்டாயிற்று. விளையாட்டாக இருந்தது வணிகமாயிற்று. கலிஃபோர்னியாவில் உள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற கேளிக்கைப் பூங்கா, 1973இல் அக்டோபர் இரவுகளைப் பேய் இரவுகளாக மாற்றிக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஃபுளோரிடாவின் யுனிவர்சல் பூங்கா 1991இல் அவ்வழியைப் பின்பற்றியது. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் அமைந்த யுனிவர்சல் பூங்காவுக்கு இது 2011இல் வந்து சேர்ந்தது. பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் நின்றுபோய், 2022இல் மீண்டும் தொடங்கியது.

இதன் அமைப்பு எளிதானது. நம் ஊர்ப் பொருட்காட்சித் திடல்களில் தகரக் கொட்டகை அடித்துப் 'பேய் வீடு' என்று பலகை மாட்டியிருப்பார்களே, அதன் பெரிய வடிவம் என்று கொள்ளுங்கள். பகலில் குழந்தைகள் இராட்டினம் ஆடிய அதே பூங்காவில், மாலையானதும் தனிச் சீட்டு வாங்கியவர்கள் நுழைகின்றனர். இருண்ட அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இரத்தக் கறை பூசி வேடமிட்ட நடிகர்கள் மறைந்திருந்து, எதிர்பாராத நொடியில் முன்னே பாய்கின்றனர். சிறுவர்களுக்கு ஏற்றதன்று என்று நடத்துவோரே எச்சரிக்கவும் செய்கின்றனர்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அத்தீவின் பழைய மலாய்ப் பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி. 'மாத்தி' என்றால் சாவு. அப்பெயர் வேண்டாம் என்று கருதி 1972இல் 'செந்தோசா' என்று மாற்றினார்கள். அமைதி என்று பொருள்படும் அச்சொல், நம் 'சந்தோஷம்' என்ற சொல்லின் உறவினர்தான். சாவின் பெயரை நீக்கிச் சந்தோஷம் என்று பெயரிட்ட தீவிலேயே, இன்று சாவின் வேடத்தைச் சந்தோஷத்துக்காக விற்கிறார்கள்!

இதனால் என் மகளின் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. பதினைந்து வயதுப் பேரன், பள்ளித் தோழர்களுடன் செந்தோசாவுக்குச் செல்ல அனுமதி கேட்டான். மகள் கூடாது என்றாள். மருமகனோ, "விளையாட்டுத்தானே மாமா, பிள்ளையைக் கட்டிப்போட முடியுமா?" என்று என்னைப் பார்த்தார். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "தீர்ப்பு இருக்கட்டும். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த நரகம் ஒன்று இங்கே இருக்கிறது. முதலில் அதைப் பார்த்து வருவோம்" என்றேன்.

பத்து நீதிமன்றங்கள்

முன்பு பேருந்தில் நெடுநேரம் சென்ற இடத்துக்கு இன்று ரயிலிலேயே செல்லலாம். தோட்டத்தின் பெயரையே தாங்கிய நிலையம் 2011இல் திறக்கப்பட்டது. படியேறி வெளியே வந்தால் தோட்டத்தின் நுழைவாயில் தெரிகிறது.

இடைப்பட்ட காலத்தில் தோட்டம் பல மாற்றங்களைக் கண்டுவிட்டது. 1979இல் அரசு அவ்விடத்தைக் கையகப்படுத்தியது. 1990இல் 'டிராகன் உலகம்' என்ற பெயரில் கட்டணக் கேளிக்கைப் பூங்காவாக அது மாறியது. மக்கள் படகில் அமர்ந்து டிராகனின் வயிற்றுக்குள் புகுந்து நரகக் காட்சிகளைக் கண்டு வருவார்களாம். அம்முயற்சி நட்டத்தில் முடியவே, தோட்டம் மீண்டும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. நரகப் பகுதியை மட்டும் விரிவாக்கி, தனிக் கட்டணத்துடன் 'நரக அருங்காட்சியகம்' என்று 2021 அக்டோபர் 29ஆம் நாள் திறந்தனர். ஹாலோவீனுக்கு இரண்டு நாள் முன்னதாக!

எட்டு வயதுப் பேத்தியை மகளுடன் தோட்டத்திலேயே இருக்கச் செய்துவிட்டு, மருமகனும் பேரனும் நானும் உள்ளே சென்றோம். மரணத்தைப் பற்றியும் மறுமையைப் பற்றியும் பல சமயத்தார் கொண்டுள்ள நம்பிக்கைகளை விளக்கும் கூடங்கள் முதலில் வருகின்றன. அவற்றைக் கடந்தால் அந்தப் பழைய பத்து நீதிமன்றங்கள். நம் நாட்டு எமன் பௌத்தத்தோடு சீனம் சென்று, அங்கே பத்து அரசர்களில் ஒருவனாகிவிட்ட வரலாற்றை அங்கு நின்று எண்ணிப் பார்க்கலாம்.

முதல் மன்றத்தில் கணக்குப் பார்க்கிறார்கள். நன்மை மிகுந்தவர் பொற்பாலத்தைக் கடந்து செல்கிறார். மற்றவர்க்குத் தண்டனை. பெற்றோரை மதியாதவர், வணிகத்தில் மோசடி செய்தவர், கொடுவட்டி வாங்கியவர், புரளி பரப்பியவர், உணவை வீணாக்கியவர், தேர்வில் ஏமாற்றியவர் என ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒவ்வொரு வதை. வட்டிக்காரன் கத்தி மலைமேல் வீசப்படுகிறான். புரளி பேசியவனின் நாக்கு பிடுங்கப்படுகிறது. உணவை வீணாக்கியவனின் உடல் இரண்டாக அறுபடுகிறது.

வாசகர்களே! குற்றங்களின் பட்டியலைப் பாருங்கள். வட்டியும், புறமும், அளவையில் மோசடியும், பெற்றோரை நோவச் செய்தலும் நம் ஜும்ஆ மேடைகளில் ஆலிம்கள் கண்டிக்கும் அதே தீமைகள் அல்லவா? எங்கோ பிறந்த மக்களும் எதைத் தீமை என்று கண்டார்களோ, அதையே நாமும் தீமை என்கிறோம். மனித இயல்பிலேயே நன்மை தீமையின் அறிவை இறைவன் பதித்து வைத்திருக்கிறான் என்பதற்கு இதுவும் ஒரு சான்று எனலாம்.

பேரன் தொடக்கத்தில் சிரித்தான். "இதற்கா நன்னா பயந்தீர்கள்? எல்லாம் பொம்மை!" என்றான். கைப்பேசித் திரையில் இதைவிடக் கொடியவற்றை நாள்தோறும் பார்க்கும் தலைமுறைக்குச் சிமெண்டுச் சிலைகள் எம்மாத்திரம்? ஆனால், தேர்வில் ஏமாற்றியவனின் காட்சிக்கு முன் சற்று நின்றான். விளக்கப் பலகையைப் படித்தான். பிறகு கேட்டான்: "தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்டால் இங்கே விட மாட்டார்களா?"

அந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வந்தபோது, இத்தனை தொலைவு வந்தது வீண் போகவில்லை என்று எண்ணினேன். "இங்கே இவர்கள் காட்டியிருப்பது தண்டனையின் பக்கத்தை. நமக்கு அதற்கு முன்பே தௌபாவின் கதவு திறந்திருக்கிறது" என்றேன்.

நெய்வேலி சொல்லும் பாடம்

அப்படியானால் அச்சமே வேண்டாமா? வேண்டும். எத்தகைய அச்சம் என்பதை அறிய நான் சிங்கப்பூர்வரை செல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள நெய்வேலியே போதும்.

குறிஞ்சிப்பாடியில் இரவு மாடியில் நின்றால் மேற்கு வானில் ஒளி தெரியும். அது நெய்வேலி. 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. பள்ளிச் சிறுவர்களாக அந்தச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்த எங்களுக்கு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பூமி பிளந்து கிடப்பதும், வாளிகள் பதித்த இராட்சதச் சக்கரம் சுழன்று மண்ணை வாரித் தள்ளுவதும் மலைப்பைத் தந்தன.

என் தம்பி வளர்ந்து அந்தச் சுரங்கத்தில்தான் நீரிறைக்கும் பிரிவில் பணியாற்றினான். சிங்கப்பூரில் விளக்கை அணைத்தால் வீறிட்ட அதே பிள்ளை, இரவுப் பணியில் சுரங்கத்துக்குள் இறங்கினான்! அவன் எனக்கு ஒரு செய்தியை விளக்கினான். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்ற அகற்ற, அந்நீர் அடித்தளத்தை உடைத்துக்கொண்டு பீறிடப் பார்க்கும். ஆகவே இரவு பகலாகக் குழாய்க் கிணறுகளின் வழியே நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பது நின்றால் சுரங்கம் நிலைக்காது.

"உனக்குப் பயமாக இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். "பயம் இருப்பதால்தானே அண்ணே, கண் விழித்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்றான்.

இறையச்சத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. தக்வா என்ற அரபுச் சொல்லின் வேரில் இருப்பது காத்துக்கொள்ளுதல் என்ற பொருள். அது நடுங்கி ஒடுங்கிக் கிடப்பதன்று. கீழே இருக்கும் ஆபத்தை அறிந்து, விழித்திருந்து, தன்னைக் காத்துக்கொள்வது. கூலி வாங்கிக்கொண்டு ஊட்டப்படும் அச்சம் ஒரு நொடி அலற வைத்து, அடுத்த நொடி சிரிக்க வைத்து, நெஞ்சை மரத்துப்போகச் செய்கிறது. சாட்டையாகப் பயன்படும் அச்சமோ பிள்ளையை முடக்கிவிடுகிறது. விழிப்பைத் தரும் அச்சம் ஒன்றே மனிதனைப் பணிக்கு அனுப்புகிறது.

பெருமானார் காட்டிய வழி

திரும்பும் வழியில் பேரனுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன். பெருமானார் (ஸல்) அவர்களுடன் தோழர்கள் பயணம் செய்தபோது ஒருவர் உறங்கிவிட்டார். சிலர் விளையாட்டாக அவரிடமிருந்த கயிற்றை எடுத்தனர். அவர் திடுக்கிட்டு அஞ்சினார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகுமானதன்று என்று அண்ணலார் அப்போது அறிவித்தார்கள். இது அபூதாவூதில் பதிவான செய்தி. ஒரு கயிற்றை எடுத்து விளையாடியதற்கே இந்தக் கண்டிப்பு!

பேரன் கெட்டிக்காரன். "ஆனால் நன்னா, அங்கே முன்கூட்டியே சொல்லிவிட்டு, பணமும் வாங்கிக்கொண்டுதானே பயமுறுத்துகிறார்கள்? போகிறவர்கள் விரும்பித்தானே போகிறார்கள்?" என்றான்.

நியாயமான கேள்வி. உறங்கியவரின் நிலையும் சீட்டு வாங்கியவரின் நிலையும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்டேன். "ஆயினும் ஒன்றை எண்ணிப் பார். அந்தி சாயும் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மஃக்ரிபும் இஷாவும் அந்த இருட்டறைகளில் கழியும். ஷைத்தானிடமிருந்து பாதுகாவல் தேடி நாள்தோறும் ஓதும் நாவு, அவன் வேடத்தைக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்து எப்படி அழுத்தமாக ஓதும்?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அருகிலிருந்த பள்ளிவாசலில் மஃக்ரிப் தொழுதோம். அவ்வாண்டு அவன் செந்தோசாவுக்குச் செல்லவில்லை. இனிவரும் ஆண்டுகளில் முடிவு அவன் கையில்.

பேத்திதான் ரயிலில் விடாமல் கேட்டாள்: "உள்ளே என்ன இருந்தது நன்னா?" நரகத்தைப் பற்றிய பொம்மைகள் இருந்தன என்றேன். "நானும் அங்கே போவேனா?" என்றாள். அவளை மடியில் இருத்திக்கொண்டு, அம்மா தம்பியிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். அவளும் அதே பதிலைச் சொன்னாள்.

என் தம்பி 2019இல் இவ்வுலகை விட்டுப் பிரிந்தான். நோய் முற்றியிருந்த நாள்களில் ஓர் இரவு என் கையைப் பற்றிக்கொண்டு, "அண்ணே, டைகர் பாம் கார்டனுக்குப் போய் வந்த பிறகு அம்மா சொன்னது நினைவிருக்கிறதா?" என்று கேட்டான். "இருக்கிறது" என்றேன். "அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்" என்றான். ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் மடியில் வைத்துச் சொன்ன சொல், மரணப் படுக்கையில் ஒரு மனிதனுக்குத் துணையாக வந்தது. அந்தக் கத்தி மலைகளைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

சிங்கப்பூர் செல்லும் அன்பர்கள் வாய்ப்பிருந்தால் அத்தோட்டத்தைக் காணலாம். தோட்டப் பகுதிக்குக் கட்டணமில்லை. சிறு குழந்தைகளை நரகக் கூடத்துக்குள் அழைத்துச் செல்லாமல், வெளியே உள்ள காட்சிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வளர்ந்த பிள்ளைகளை அழைத்துச் சென்றால், பார்த்து முடித்ததும் உட்கார்ந்து பேசுங்கள். பேசாமல் விட்ட காட்சிதான் இரவில் வந்து பிள்ளையை எழுப்பும்.

ஹாலோவீன் இன்று நம் நகரங்களின் பள்ளிகளுக்கும் கடைத்தெருக்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. 'கூடாது' என்ற ஒரு சொல்லோடு நாம் நிறுத்திக்கொண்டால், பிள்ளை நம் கண் மறைவில் செல்லும். ஏன் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அவன் எதிர்க்கேள்வி கேட்டால் பொறுமையோடு கேளுங்கள். வீட்டில் பூச்சாண்டி, பேய், நரகம் என்று சொல்லிச் சோறூட்டுவதையும் உறங்க வைப்பதையும் நாமும் விட்டுவிடுவோம். பக்கத்து வீட்டு ஹாலோவீனைக் கண்டித்துவிட்டு, நம் வீட்டில் நாள்தோறும் ஒன்றை நடத்துவது முறையாகாது அல்லவா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலில் அச்சத்தையும் ஆதரவு வைத்தலையும் தனித்தனியே பிரிக்காமல், ஒரே பாகத்தில் சேர்த்தே பேசுகிறார்கள். திருமறையின் 114 அத்தியாயங்களில் 113 அத்தியாயங்கள் அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்ற இறைவனின் திருப்பெயர்களைக் கொண்டே தொடங்குகின்றன. நரகத்தைப் பற்றிய எச்சரிக்கையும் அத்திருமறையில் உண்டு. ஆனால் வாசலில் நின்று நம்மை வரவேற்பது கருணையே. பிள்ளைகளுக்கும் அந்த வாசல் வழியாகவே மார்க்கத்தை அறிமுகப்படுத்துவோம். கருணையை அறிந்த பிள்ளை, விழிப்போடு இருக்க வேண்டியதன் காரணத்தையும் வளர வளரத் தானே அறிந்துகொள்ளும்.

நம் மக்கள் அனைவருக்கும் தெளிந்த அறிவையும், அமைதியான உறக்கத்தையும், விழித்திருக்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.